மறைத்தது போதும், தோழர்களே!

கல்முனைக்குடி தொடக்கம் பொத்துவில் வரை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எல்லாம் சேர்த்துக் கரையோரத்து விளையாட்டுக் கழகத் தோழர்களே, தம்பிமாரே!

நம்ம ஊரில் குடி இல்லை என்று மேடையில் பேசுகிற பேச்சை இன்றோடு நிறுத்துவோம். இறுதிப் போட்டி முடிந்த மறுநாள் காலையில் மீன்வாடிக்குப் பின்னாலும் வட்டைக் கரையிலும் கிடக்கிற வெறும் டின்களைப் பார்த்தவன் எவனும் அப்படிப் பேச மாட்டான். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுசாரம் விற்கக் கூடாதென்று 2006ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அப்படியிருக்க, பொடியன்களுக்கு அந்த டின்களை வாங்கிக் கொடுத்தது எந்த நானா என்று நமக்குத் தெரியாதா?

ஒளித்துக் குடிப்பதால்தான் நம்ம பொடியன்கள் மோசமாகக் குடிக்கிறார்கள். மாலை முழுக்க உட்கார்ந்து ஒரு கிளாஸைக் குடிக்கிறவனுக்கு உள்ள அவகாசம் இவர்களுக்கு இல்லை. உம்மா வாசல் கதவைச் சாத்துமுன் குடித்தும் முடிய வேண்டும், வாயிலிருந்து வாசமும் போக வேண்டும். ஆகவே வெறும் வயிற்றில், மடமடவென்று. 8.8 சதவீதம் என்று அச்சிட்ட 500 மில்லிலீற்றர் பியர் டின் ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம் சுத்த மதுசாரம் இருக்கிறது. இரண்டு டின்னுக்கு 70 கிராம். ஓர் ஆண் இரண்டு மணி நேரத்துக்குள் இவ்வளவு குடித்தால், மிதமிஞ்சிய குடி என்று மருத்துவம் போட்டிருக்கிற கோட்டைத் தொட்டுவிட்டான். “ரெண்டே ரெண்டு டின்தானே மச்சான்” என்கிறோமே, அந்த ரெண்டுதான் இது.

மூளையின் முன்பகுதி, யோசித்து முடிவெடுக்கிற, ஆத்திரத்தை அடக்குகிற பகுதி, 25 வயதை ஒட்டித்தான் முதிர்கிறது. அதுவரை மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கிற நரம்பிழைகளுக்குக் கொழுப்பு உறை ஏறிக்கொண்டே இருக்கும். உறை ஏறிய இழையில்தான் செய்தி வேகமாக ஓடும். மருதமுனையில் தறிக்குப் பாவு ஏற்றிக்கொண்டிருக்கும்போதே வாரா வாரம் ஒருவன் வந்து இழையைக் கலைத்தால் சேலை எப்படி வரும்? அமெரிக்காவில் 12 முதல் 21 வயது வரையான 483 பேரை, குடிக்கத் தொடங்குமுன்பும் பின்பும் படமெடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வந்தது. அளவுக்கு மீறிக் குடிக்கத் தொடங்கியவர்களுக்கு முன்மூளையின் சாம்பல்பொருள் மற்றவர்களைவிட வேகமாகக் குறைந்தது. இணைப்பிழைகள் அடங்கிய வெண்பொருள் மந்தமாக வளர்ந்ததை வேறு ஆய்வுகள் காட்டின.

“இரவு நடந்த ஒண்டும் ஞாபகமில்ல மச்சான்” என்று ஒருவன் சொன்னால் நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். ஞாபகத்தைப் பதிகிற பகுதி அந்த இரவு வேலை செய்யவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். அவன் நடந்திருக்கிறான், பேசியிருக்கிறான், மோட்டார் சைக்கிளும் ஓட்டியிருக்கிறான். பதிவு மட்டும் இல்லை. இதிலே சிரிக்க என்ன இருக்கிறது?

“ஐஸ் அடிக்கிறவனப் பாரு, நாங்க பியர்தானே” என்பது அடுத்த சாக்கு. 5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் போதைப்பொருள் வைத்திருந்தால் மரண தண்டனை வரை போகலாம் என்று 2022 நவம்பரில் சட்டம் திருத்தினார்கள். அந்த நெருப்பை வேறாகப் பேசுவோம். பக்கத்து வீடு எரிகிறதென்று நம்ம கூரையை விட்டுவிட முடியுமா? பெரியவர்களுக்கும் ஒரு மருந்து கைவசம் இருக்கிறது: பொடியனைக் கட்டாருக்கு அனுப்புவது. மூளையை இங்கே வைத்துவிட்டா அவன் பிளேன் ஏறுகிறான்?

மார்க்கத்தைக் காட்டி ஏசிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மது ஒரே நாளில் ஹராமாக்கப்படவில்லை, படிப்படியாகத்தான் தடை வந்தது. குடித்ததற்காகத் தண்டனை பெற்ற ஸஹாபி ஒருவரைச் சபித்தவரை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஏச்சுக்குப் பயந்தவன் குடியை விடவில்லை, இருட்டுக்குள் போய்விட்டான். அந்த இருட்டில் ஒருவன் சுருண்டு விழுந்தால், மானம் போய்விடுமே என்று கூட்டாளிமார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வாடியிலேயே கிடத்திவிட்டு வருகிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

விழுந்தவனைத் தட்டி எழுப்பினாலும் எழும்பாவிட்டால், மூச்சு மெதுவாக விட்டுவிட்டு வந்தால், உடனே 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வரும் வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி எடுத்தால் மூச்சுக்குழலுக்குள் போகாது. கோப்பியும் வேண்டாம், கிணற்றடிக் குளிப்பும் வேண்டாம், தனியே விட்டு வரவும் வேண்டாம். நாளாந்தம் குடித்துப் பழகியவன் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பும் வரலாம், அவனை வைத்தியரிடம் காட்டித்தான் நிறுத்த வைக்க வேண்டும். ஆலோசனைக்குத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இருக்கிறது. நிறுத்தியவர்களின் மூளை மாதக்கணக்கில் மெல்லத் தேறுவதையும் படங்களில் பார்த்திருக்கிறார்கள், ஆகையால் “நான் முடிஞ்சன்” என்று எவனும் ஒதுங்க வேண்டாம்.

தோழர்களே, வருகிற வெள்ளி அஸருக்குப் பிறகு ஒவ்வொரு கழகமும் தன் மைதானத்தில் கூடட்டும். சுற்றுப்போட்டிப் பரிசுப் பணத்தில் ஒரு சதமும் போத்தலுக்குப் போகாது என்று பொருளாளர் எழுந்து சொல்லட்டும். 21 வயதுக்குட்பட்ட தம்பிக்கு வாங்கிக் கொடுப்பவன் அந்தப் பருவம் முழுக்க அணியில் இல்லை என்று தலைவர் அறிவிக்கட்டும், அவன் நூறு அடிக்கிறவனாக இருந்தாலும் சரி. வெற்றி இரவுக்குப் புரியாணிச் சட்டியை மைதானத்திலேயே வையுங்கள், வெளிச்சத்தில். குடிக்காத இரண்டு பேரை அன்றிரவு முழுக்கக் காவலுக்கு நிறுத்துங்கள், அவர்கள் போனில் 1990 இருக்கட்டும்.