சுற்றுலாப் பேருந்து எழும்பூரில் நிற்குமா?

நம் சமுதாயத்தவர் நடத்தும் பள்ளி ஒன்று எட்டாம் வகுப்பு மாணவர்களைச் சென்னைக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றது. ஊர் பெயர் வேண்டாம். முதலில் எழும்பூர் அரசு அருங்காட்சியகம், பிறகு ஜும்ஆ, பிறகு பொழுதுபோக்குப் பூங்கா என்பது ஏற்பாடு. பிள்ளைகளோடு நானும் போயிருந்தேன். பாந்தியன் சாலையில் போய் இறங்கினால் கேட் பூட்டிக் கிடக்கிறது! நம் பள்ளிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்று பார்த்துப் பார்த்துத் தேதி குறித்தவர்களுக்கு, அருங்காட்சியகத்திற்கும் வெள்ளிதான் விடுமுறை என்பது தெரியவில்லை.

ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துகொள்ளக்கூடிய செய்தி இது. ஆனால் என்னை உறுத்தியது அதுவல்ல. கேட் பூட்டியிருந்ததற்காக மாணவரோ ஆசிரியரோ ஒருவர்கூட வருத்தப்படவில்லை. "பூங்காவுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் கூடுதலாக் கிடைச்சிருச்சு ஹஜ்ரத்" என்று ஓர் ஆசிரியர் மகிழ்ச்சியோடு சொன்னார்.

கேட் திறந்திருந்தால் மட்டும் என்ன நடந்திருக்கும்? வேறொரு பள்ளியோடு போனபோது அதையும் பார்த்திருக்கிறேன். நூற்றிருபது பிள்ளைகள், நான்கு ஆசிரியர்கள், நாற்பது நிமிடம். "வரிசையாப் போ", "தொடாதே" என்ற இரண்டு சொற்களைத் தவிர ஆசிரியர்கள் வாயிலிருந்து வேறொன்றும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஏழு ஆண்டு மதரஸாவில் ஓதிய எனக்கே அப்படி ஓர் இடம் இருப்பதும், அங்கே எனக்கு வேலை இருப்பதும் நாற்பது வயதில்தான் தெரிந்தது.

"சிலைகளைக் காட்டவா ஹஜ்ரத் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். மார்க்கப் பற்றோடு கேட்ட கேள்வி. ஏளனம் செய்யக் கூடாது. நான் அவருக்குச் சொன்னது இதுதான். வணங்குவது வேறு, பார்ப்பது வேறு. பூமியில் சுற்றி வந்து, முன் வாழ்ந்தவர்களின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்கும்படி திருக்குர்ஆன் ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் சொல்கிறது. 3:137, 30:42 வசனங்களை எடுத்துப் பாருங்கள். எகிப்தை வென்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் படை பிரமிடுகளை இடித்துக்கொண்டு நிற்கவில்லை. அந்த மண்ணின் கெய்ரோ நகரில், இஸ்லாமியக் கலைப் பொருட்களுக்கென்றே 1903-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகக் கட்டடம் இன்றும் இருக்கிறது.

தவிர, வெண்கலச் சிலைக் கூடத்தில் நம் பிள்ளை கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லையா? மெழுகில் உருச்செய்து, மேலே களிமண் பூசி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் வார்ப்பு முறை, பாத்திரக் கடை வைத்திருக்கும் நம் வியாபாரியின் மகனுக்குத் தெரிய வேண்டிய தொழில்நுட்பம். அண்டை வீட்டுக்காரர் எதை மதிக்கிறார் என்று தெரிந்து வளரும் பிள்ளை ஈமானை இழந்துவிடும் என்றால், குறை அருங்காட்சியகத்தில் இல்லை. நாம் ஊட்டிய ஈமானில் இருக்கிறது.

இனி நமக்கு நேராகவே சொந்தமானதைச் சொல்கிறேன். எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. அதன் தலைவராக இருந்த ஹெண்டர்சன் என்ற ஆங்கிலேயர், ஹைதர் அலீ, திப்பு சுல்தான் ஆகியோரின் நாணயங்களைப் பற்றி மட்டும் 1921-இல் தனி நூல் ஒன்று வெளியிட்டார். திப்பு 1799 மே 4-இல் ஷஹீதானார். அவரைக் கொன்றவர்களின் ஆட்சியில் சம்பளம் வாங்கியவர் அவருடைய காசுகளைத் தேடித் தேடி அடுக்கியிருக்கிறார். நாமோ மேடையில் திப்புவின் பெயரைச் சொல்லித் தக்பீர் முழங்குவதோடு சரி!

ஹைதர் அலீயின் தங்க வராகனைப் பாருங்கள். ஒரு பக்கம் சிவனும் பார்வதியும்; மறுபக்கம் தம் பெயரின் முதலெழுத்தான அரபி 'ஹா'. தமக்கு முன்பு மக்கள் கையில் புழங்கிய நாணயத்தின் உருவத்தை அவர் அப்படியே விட்டு வைத்தார். சந்தையில் செல்லுபடியாக வேண்டும் அல்லவா? வியாபாரிகளுக்கு இது நன்றாகவே புரியும். மகன் திப்பு உருவங்களை நீக்கினார்; ஆனால் செப்புக் காசில் யானையை வைத்தார். தங்க நாணயத்திற்கு அஹ்மதீ, ஸித்தீக்கீ, ஃபாரூக்கீ என்று பெயர். வெள்ளி ரூபாய்க்கு இமாமீ, அரை ரூபாய்க்கு ஆபிதீ, கால் ரூபாய்க்கு பாக்கிரீ. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பெயரும், கலீஃபாக்களின் சிறப்புப் பெயர்களும், அஹ்லுல் பைத்தின் பெயர்களும் காய்கறி வாங்கும் கைகளில் புழங்கியிருக்கின்றன. தந்தை ஏன் உருவத்தை விட்டு வைத்தார், மகன் ஏன் மாற்றினார் என்று ஒரு மாணவனிடம் கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்விக்கு ஒரு மணி நேரம் போதாது.

இதில் இன்னொன்று இருக்கிறது. நாணயத்தில் இருப்பது அரபி எழுத்து. 'பட்டன்' என்று ஸ்ரீரங்கப்பட்டணத்தின் பெயர் பொறித்திருப்பதை வரலாற்று ஆசிரியரால் படிக்க முடியாது. ஓர் ஆலிமால் முடியும். நம் பள்ளிகளில் தீனிய்யாத் பாடத்திற்கு வரும் ஹஜ்ரத்துக்கு வரலாறு தெரியாது, வரலாற்று ஆசிரியருக்கு எழுத்து தெரியாது. இருவரையும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்கு முன் நிறுத்துங்கள் என்பதே என் கோரிக்கை.

இப்போது இதற்கு என்ன அவசரம் என்று கேட்பவர்களுக்கு: 2023-இல் வந்த என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலில் முகலாய அரசவை பற்றிய பாடமே இல்லை. நம் செல்வந்தர்கள் பெருமையோடு தொடங்கும் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு அதுதான் புத்தகம். கண்டன அறிக்கை விட்டோம், விட வேண்டியதுதான். ஆனால் தாளில் உள்ளதை நீக்குகிறவர்களால் உலோகத்தில் உள்ளதை அத்தனை எளிதில் நீக்க முடியாது. அதைப் பிள்ளைக்குக் காட்டும் வேலை நம்முடையது, அதற்கு யாரிடமும் போராடி அனுமதி வாங்க வேண்டியதில்லை.

அமெரிக்காவைப் பாருங்கள். இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பின் முஸ்லிம் என்றாலே சந்தேகத்தோடு பார்த்த நியூயார்க் நகரில், மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2011-இல் இஸ்லாமிய உலகின் கலைப் பொருட்களுக்கு 15 கூடங்களைப் புதுப்பித்துத் திறந்தது. அதோடு நிற்காமல், பள்ளி ஆசிரியர்களுக்கென்றே 2012-இல் ஒரு பெரிய கையேட்டை வெளியிட்டது. கூடத்தைத் திறந்தால் மட்டும் போதாது, ஆசிரியரைத் தயார் செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. பயணத்திற்கு ஒரு மாதம் முன்பு வரலாற்று ஆசிரியரும் ஹஜ்ரத்தும் மட்டும் சென்று வரட்டும். எந்தக் கூடம் திறந்திருக்கிறது, எது காட்சியில் இருக்கிறது, எது பராமரிப்புக்குப் போயிருக்கிறது என்று நேரில் பார்த்தால்தான் தெரியும். அருங்காட்சியக அலுவலகத்திற்குப் பள்ளியின் கடிதம் ஒன்று முன்கூட்டியே போகட்டும். எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்ற பேராசை கூடாது. நான்கு பொருட்கள் போதும். அவற்றில் ஒன்று அந்தக் கட்டடமாகவே இருக்கட்டும். ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909-இல் திறக்கப்பட்ட, இன்று தேசியக் கலைக்கூடம் எனப்படும் அந்தச் செந்நிற மாளிகையின் முகப்பு, ஃபதேபூர் சிக்ரியில் அக்பர் எழுப்பிய புலந்த் தர்வாஸாவை முன்மாதிரியாகக் கொண்டது. டிக்ரா அடிப்பது போல் சொல்லாமல், "இதே வாசலை எங்கே பார்த்திருக்கிறாய்?" என்று ஒரு படத்தைக் கையில் கொடுத்துக் கேட்கட்டும்.

இருபது பேருக்கு ஓர் ஆசிரியர். லுஹருக்கு எந்தப் பள்ளிவாசல், பெண் பிள்ளைகள் எங்கே தொழுவார்கள் என்பதும் முன்பே முடிவாக வேண்டும். பெண் பிள்ளைகளை விட்டுவிட்டு மாணவர்களை மட்டும் அழைத்துச் செல்லும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. அவர்கள்தான் நாளை வீட்டில் கதை சொல்லப் போகிறவர்கள்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி சகோதரர்கள் சென்னைக்கு வரத் தேவையே இல்லை. வேலூர்க் கோட்டைக்குள்ளேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. திப்புவின் பிள்ளைகள் சிறை வைக்கப்பட்டதும், 1806 ஜூலை 10-இல் சிப்பாய்கள் எழுந்ததும் அதே கோட்டையில்தான். அங்கே காற்று வாங்கப் போகிறவர்கள் எத்தனை பேர், பிள்ளைக்கு விளக்கிச் சொன்னவர்கள் எத்தனை பேர்?

ரமழானில் ஆயிரக்கணக்கில் செலவழித்து இஃப்தார் கொடுக்கும் கடைவீதிச் சகோதரர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒரு பேருந்து வாடகை கொடுங்கள். இரண்டு ஆசிரியர்களின் முன் பயணத்திற்கு ரயில் கட்டணம் கொடுங்கள். தேதி குறிக்கும்போது மட்டும் வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று தாளாளரிடம் சொல்லிவிடுங்கள்.