விரியன் கடிக்கு மாத்திரை உண்டா?



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது மும்பையில் மழை பிடித்திருக்கும். மே லீவுக்கு நெல்லைப் பக்கம் போனவர்கள் மூட்டை முடிச்சோடு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியிருப்பீர்கள். மழை வந்தால் ஆரே காலனியில் பாம்பு, டிராம்பே மலையடியில் பாம்பு என்று செய்தியும் வரும். வாட்ஸ்அப் வைத்தியமும் வரும். "ஹெப்பாரின் பாம்புக்கடியைக் குணமாக்குகிறதாமே, ஆஸ்பிரினும் ரத்தத்தை இளக்கும் மாத்திரைதானே, அதைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?" என்று செம்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கொடுக்கவே கூடாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடித்தால் விஷம் முதலில் ரத்தத்தை உறைய வைக்கும் வேலையைத்தான் தூண்டிவிடுகிறது. உடம்பெங்கும் தாறுமாறாக நடக்கும் இந்த உறைதலில், அதற்கென்று உடம்பு வைத்திருக்கும் புரதங்கள் எல்லாம் செலவாகிவிடுகின்றன. முதல் தேதி வாங்கிய சம்பளம் மூன்றாம் தேதியே தீர்ந்த கதைதான். பிறகு உறைய வைக்க எதுவும் மிச்சமில்லை. ஈறில், சிறுநீரில், சில சமயம் மூளையில்கூட ரத்தம் கசியும். அந்த நிலையில் ஆஸ்பிரின் கொடுப்பது கசிவை இன்னும் பெருக்கும். ஹெப்பாரினை மியான்மரில் கண்ணாடி விரியன் கடிபட்டவர்களுக்குக் கொடுத்தே பார்த்தார்கள், பலனில்லை. விரியன் கடிக்கு அதைத் தரக் கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். 2024-இல் சிட்னி, லிவர்பூல் ஆய்வாளர்கள் சொன்னது வேறு விஷயம். சில நாகப்பாம்புகளின் விஷத்தால் கடிவாயில் சதை அழுகுவதை ஹெப்பாரின் வகை மருந்துகள் எலிகளில் குறைத்தன, அவ்வளவே. வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்வதற்குள் நாகம் விரியனாகிவிட்டது, எலி மனிதனாகிவிட்டது!

ஆனாலும் வாசகரின் யோசனையை நான் தள்ளிவிட மாட்டேன். வேறு நோய்க்கான சாதாரண மாத்திரை விஷத்தை வெல்ல முடியும் என்று காட்டியவர் நம் பக்கத்திலேயே இருக்கிறார். கோவா சாலையில், ராய்கட் மாவட்டத்து மஹாட் ஊர் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். 1970-களின் பிற்பகுதியில் பிர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தபோது, கொங்கணத்துச் செந்தேள் கொட்டி வரும் குழந்தைகள் நுரையீரலில் நீர் கோத்து இறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விஷம் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தைத் திணறடிக்கிறது. குழாய்களைத் தளர்த்தும் ரத்த அழுத்த மாத்திரையான பிரசோசினைக் கொடுத்துப் பார்த்தார். கடுமையாக விஷம் ஏறியவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் வரை இறந்துகொண்டிருந்தது, ஒன்றிரண்டு பேராகக் குறைந்தது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ரொம்பத் தாமதம் என்பது என் கட்சி.

பாம்பு விஷயத்திலும் அந்தப் பாதையில் இப்போது சிலர் நடக்கிறார்கள். விரியன் விஷத்தில் ரத்தத்தைக் கெடுக்கும் நொதிகள் பலவற்றுக்குத் துத்தநாகம் இல்லாமல் வேலை ஓடாது. பாதரசம் போன்ற உலோக நஞ்சை உடம்பிலிருந்து வெளியேற்றப் பல காலமாகக் கொடுக்கப்படும் யுனிதியோல் என்ற மருந்து, அந்தத் துத்தநாகத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. லிவர்பூல் ஆய்வாளர்கள் இதைச் சுருட்டை விரியன் இனங்களின் விஷத்துக்கு எதிராக எலிகளில் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். இதய நோய்க்கென உருவாகி அங்கே தோற்றுப்போன வரெஸ்ப்லாடிப், விஷத்தின் இன்னொரு நொதியை அடக்குகிறது. அதை அமெரிக்காவிலும் இந்தியாவிலும் கடிபட்டவர்களுக்கே, வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்து மணி நேரத்துக்குள் மருந்து கிடைத்தவர்களிடம் மட்டும் நன்மைக்கான அறிகுறி தெரிந்தது. விஷமுறிவு மருந்தின் இடத்தைப் பிடிப்பதற்கல்ல, ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவகாசம் வாங்கத்தான் இந்த மாத்திரைகள். நம் மருந்துக்கடைக்கு அவை இன்னும் வரவில்லை.

அதுவரை குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் விஷமுறிவு மருந்துதான். நம் பரேலில் உள்ள ஹாஃப்கின் அதற்குப் பேர்போன இடம். அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுப்பது. தாராவிக்காரர்களுக்கு சயான் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். கவலையெல்லாம் ஊரில் வயலுக்குப் போகும் அப்பா, அம்மாவைப் பற்றித்தான். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்பு கடித்து இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் கிராமத்து மரணங்கள்.

அவர்களிடம் போனில் சொல்லி வையுங்கள். கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம். காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். இதய நோய்க்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவரானால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம். வெறுமனே காத்திருக்க வைக்கிறார்களே என்று அந்த நேரத்தில் சண்டை போட வேண்டாம்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்த அரசு ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்று விசாரித்து எழுதுங்கள். தாலுகா வாரியாகத் தொகுத்து அடுத்த இதழில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்