சாட்சி சொன்னால் உள்ளே தள்ளிவிடுவார்களா?

செங்கல்பட்டு கோர்ட்டு வாசலில் காலை பத்தரை மணிக்குப் போய் நின்றால் தெரியும். சம்மனை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாட்சிகள் காத்து நிற்பார்கள். மாமல்லபுரத்தில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக வந்து இறங்கியவர்களும் அதில் உண்டு. சில நாட்களில், கூண்டில் நிற்கப் போகும் எதிரியைவிட இவர்கள் முகத்தில்தான் பயம் அதிகம்!

"உள்ளதைச் சொன்னா நம்மளையும் சேர்த்து உள்ளே தள்ளிடுவாங்களோ?"

இதுதான் அந்தப் பயம்.

தேவனேரியிலோ கொக்கிலமேட்டிலோ ஒரு படகுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். கூலி கிடைக்கிறதே என்று ராத்திரியில் நாலு மூட்டையைக் கரை இறக்கினார். பிறகுதான் அது கடத்தல் சரக்கு என்று தெரிந்தது. வழக்கில் அவர் சாட்சி. "மூட்டையை இறக்கியது யார்?" என்று சர்க்கார் வக்கீல் கேட்கிறார். "நான்தான்" என்றால் மாட்டிக்கொள்வோமோ? "தெரியாது" என்றால் பொய். அவர் என்ன செய்வார்?

ஸ்டேஷன் வேறு, கோர்ட்டு வேறு

போலீஸ் விசாரணையில், தன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவே காவல். ஒரிசா முன்னாள் முதல்-மந்திரி நந்தினி சத்பதி வழக்கில் 1978-ல் சுப்ரீம் கோர்ட்டு, அந்தக் காவல் போலீஸ் விசாரணையிலும் உண்டு என்றது. சம்மதம் இல்லாமல் மயக்க ஊசி போட்டு உண்மையைக் கறக்கக் கூடாது என்று 2010-ல் செல்வி வழக்கில் தீர்ப்பு வந்தது.

ஆனால் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டால் கதை வேறு. வழக்குக்குச் சம்பந்தப்பட்ட கேள்வி என்றால் பதில் சொல்லியே ஆக வேண்டும். "சொன்னால் எனக்கு ஆபத்து" என்று நழுவ முடியாது.

அதற்குப் பதிலாகச் சட்டம் ஒரு கைமாறு வைத்திருக்கிறது. அப்படிக் கட்டாயத்தில் சொன்ன பதிலை வைத்து அந்தச் சாட்சியைக் கைது செய்யவோ, வழக்குப் போடவோ, அதையே அவருக்கு எதிரான ஆதாரமாகக் காட்டவோ கூடாது. பொய் சொன்னால் மட்டும் பொய்ச் சாட்சி வழக்கு வரும். 1872-ம் வருஷத்து சாட்சிச் சட்டத்தில் 132-வது பிரிவாக இருந்த இது, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 137-வது பிரிவு.

சென்னை போட்ட முடிச்சு

இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. 1881-ல் சென்னை ஐகோர்ட்டு கோபால் தாஸ் வழக்கில், சாட்சி முதலில் ஆட்சேபம் சொல்லியிருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு என்றது. சட்டம் தெரிந்தவன் தப்பிப்பான், தெரியாத படகுக்காரர் சிக்குவார் என்பதுதான் இதற்கு அர்த்தம்!

2015-ல்தான் சுப்ரீம் கோர்ட்டு முடிச்சை அவிழ்த்தது. சாட்சிக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தைச் சட்டமே போடுகிறது. ஆட்சேபம் சொன்னாரா இல்லையா என்று பார்க்க வேண்டியதில்லை என்றது.

அதற்காக எல்லாத் தப்புக்கும் மன்னிப்பு என்று நினைக்கக் கூடாது. வேறு ஆதாரம் இருந்தால் சாட்சியையும் எதிரியாகச் சேர்க்கலாம் என்று 2024-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. அவர் வாயால் சொன்னதை மட்டும் அவர் கழுத்துக்குக் கயிறாக்க முடியாது.

பல்டி அடித்தால்...

சாட்சிகள் பல்டி அடித்தால் வழக்கு என்ன ஆகும்? இந்த வட்டாரத்துக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவில் மேலாளர் சங்கரராமன் 2004 செப்டம்பர் 3-ந்தேதி கொலை செய்யப்பட்டார். செங்கல்பட்டு கோர்ட்டில் இருந்த வழக்கு 2005-ல் புதுச்சேரிக்கு மாற்றப்பட்டது. விசாரிக்கப்பட்ட 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ் சாட்சி ஆனார்கள். மன்னிப்புப் பெற்று அப்ரூவர் ஆனவரும் மாற்றிச் சொன்னார். 2013 நவம்பர் 27-ந்தேதி 23 பேரும் விடுதலை. அப்படியானால் சங்கரராமனைக் கொன்றது யார்? கேள்வி அப்படியே நிற்கிறது.

சாட்சிகள் மாறுவதற்குக் காரணம் பல. பணம், மிரட்டல், சொந்தபந்தம் என்று எத்தனையோ. அவற்றை ஒழிப்பது சுலபம் அல்ல. ஆனால் "நாமும் மாட்டிக்கொள்வோமோ" என்ற பயத்தைப் போக்கச் செலவே இல்லை.

சம்மனின் பின்பக்கம் நல்ல தமிழில் நாலு வரி அச்சடித்தால் போதும். சாட்சி கூண்டில் ஏறியதும் அதையே நீதிபதி வாயால் ஒரு தடவை சொல்லிவிடலாம். அரை நிமிஷம்கூட ஆகாது.

"உண்மையைச் சொல். அந்தப் பதிலே உனக்கு எதிராகத் திரும்பாது. பொய் சொன்னால்தான் ஆபத்து."

சட்டப் புத்தகத்தில் 1872 முதல் தூங்கும் இந்த வாக்கியம், திருக்கழுக்குன்றம் பஸ்சில் வந்து இறங்கும் படகுக்காரர் காதில் விழுவது எப்போது?