‘தொடரும்’ என்று போட்டதும் எழுந்து போன காலம்

இந்த வாரம் ஓர் எண்ணுடன் தொடங்குவோம். நேற்று நீங்கள் தொலைக்காட்சி, யூடியூப், நெட்ஃபிலிக்ஸ், டிக்டாக் எல்லாம் சேர்த்து எத்தனை மணி நேரம் பார்த்தீர்கள்? அதிகம் யோசிக்க வேண்டாம். மனத்தில் தோன்றியதை இந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

கடந்த பள்ளி விடுமுறையில் சுங்கை பட்டாணியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா தவறிய பிறகு அம்மா தனியாகத்தான் இருக்கிறார். காலையில் பசியாறும்போது திறக்கும் தொலைக்காட்சி, இரவு அவர் படுக்கும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். அறிவியல் ஆசிரியை அல்லவா, சும்மா இருக்க முடியவில்லை. “நாள் முழுக்க நாடகமே பாத்துக்கிட்டு இருந்தா உடம்பு என்னத்துக்கும்மா ஆகும்?” என்று கேட்டுவிட்டேன்.

“நீ மட்டும் என்னவாம்? ராத்திரி ஒரு மணிக்கு உன் ரூம் கதவுக்குக் கீழ வெளிச்சம் தெரியுதே, அது என்ன, பாடத்திட்டமா?” என்றார் அம்மா.

சரி, அளந்து பார்ப்போம் என்று முடிவு செய்தோம். ஒரு வாரம். தொடங்குவதற்கு முன் இருவருக்கும் என் ஊகத்தை எழுதினேன்: அம்மா எட்டு மணி நேரம், நான் ஒன்றரை மணி நேரம். பிறகு அரை மணிக்கு ஒரு முறை அம்மா திரையைப் பார்க்கிறாரா இல்லையா என்று ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் கோடு போட்டேன். என் கணக்கைக் கைப்பேசியே வைத்திருந்தது.

வார முடிவில் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அம்மா வீட்டுத் தொலைக்காட்சி ஒரு நாளைக்குப் பதினொரு மணி நேரம் ஓடியது உண்மை. ஆனால் அவர் உட்கார்ந்து பார்த்தது செய்தியும் இரவில் இரண்டு நாடகங்களும் மட்டுமே. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். மற்ற நேரமெல்லாம் அவர் சமையலறையில் இருந்தார், பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றினார், அத்தையோடு தொலைபேசியில் பேசினார். வீட்டில் ஒரு மனிதக் குரல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அது ஓடியது. என் கணக்கு? நாளொன்றுக்குச் சராசரி 3 மணி 40 நிமிடம். அதில் பாதி இரவு பத்தரைக்குப் பிறகு.

பெருக்கிப் பாருங்கள். 220 நிமிடத்தை 365 நாளால் பெருக்கினால் 80,300 நிமிடம். மணியாக்கினால் 1,338. நாளாக்கினால் ஏறக்குறைய 56. ஆண்டில் இரண்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவு, இரவு பகலாக.

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் பாடத்தில் உற்றறிதல் வேறு, ஊகித்தல் வேறு என்று படித்தீர்களே, நினைவிருக்கிறதா? ‘தொலைக்காட்சி ஓடுகிறது’ என்பது உற்றறிதல். ‘அம்மா நாடகம் பார்க்கிறார்’ என்பது ஊகம். நான் இரண்டையும் குழப்பிக்கொண்டேன். இந்தக் குழப்பம் எனக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் நீல்சன் நிறுவனம் 1950-இல் தொலைக்காட்சி நேயர் கணக்கெடுப்பைத் தொடங்கியபோது, பெட்டியோடு இணைத்த கருவியால் எந்த அலைவரிசை ஓடுகிறது என்பதை மட்டுமே சொல்ல முடிந்தது. எதிரே ஆள் இருக்கிறாரா, நாற்காலி காலியா என்பது அதற்குத் தெரியாது. அதற்காக வீடு வீடாக நாட்குறிப்பு கொடுத்தார்கள். 1987 முதல் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான் கொண்ட கருவி வந்தது. ஆகவே, ‘மக்கள் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் பார்க்கிறார்கள்’ என்று எங்காவது படித்தால், முதலில் கேளுங்கள்: எப்படி அளந்தார்கள்? பெட்டியையா, ஆளையா, அல்லது ஆளின் ஞாபகத்தையா?

என் கணக்கு ஏன் இப்படி ஊதிப்போனது? என் மனவுறுதி குறைவு என்று ஒரே வரியில் முடிக்கலாம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை.

நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 28 டிசம்பர் 1963 அன்று தொடங்கியது. சிங்கப்பூரில் அதே ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிவிட்டார்கள். அம்மா தோட்டத்தில் வளர்ந்தவர். மூன்றாவது வீட்டில் மட்டுமே பெட்டி இருந்ததாம். தமிழ்ப்படம் போடும் நாளில் எல்லாரும் அந்த வீட்டுத் தரையில் உட்காருவார்கள். ‘சுபம்’ என்று போட்டதும் வீட்டுக்காரர் பெட்டியின் இழுப்புக் கதவை மூடிவிடுவார். அவ்வளவுதான், எல்லாரும் எழுந்து போக வேண்டும். அந்தக் காலத்தில் இரவு ஒளிபரப்பு முடியும்போது ‘நெகாராகூ’ ஒலிக்கும். அதன் பிறகு பார்க்க ஒன்றுமே இருக்காது. நாடகம் வந்த பிறகும் ‘தொடரும்’ என்று போட்டால் நாளை வரை காத்திருந்தே ஆக வேண்டும். ‘சந்திரலேகா’ தொடர் 2014 முதல் 2022 வரை 2,000-க்கும் மேற்பட்ட பகுதிகள் ஓடியது. பகுதிக்கு 20 நிமிடம் என்று வைத்தாலும் 40,000 நிமிடம், அதாவது 27 நாளுக்கும் மேல். அம்மா அதை எட்டு ஆண்டுகளில் பார்த்து முடித்தார். நான் அந்த 27 நாளை ஆறே மாதத்தில் கரைத்துவிடுகிறேன், அதுவும் பெயர் ஞாபகமில்லாத தொடர்களில்.

நிறுத்தும் வேலையை முன்பு வேறு யாரோ செய்தார்கள். ஒளிபரப்பு நிலையம் செய்தது, அண்டை வீட்டுக்காரர் செய்தார். 2012-இல் நெட்ஃபிலிக்ஸ் ஒரு பகுதி முடிந்ததும் அடுத்த பகுதி தானாக ஓடும் வசதியைக் கொண்டுவந்தது. அதன் பிறகு ‘தொடரும்’ என்பதன் பொருளே தலைகீழாகிவிட்டது. முன்பு ‘போய்விட்டு நாளை வா’ என்றது. இப்போது ‘உட்கார், இதோ வருகிறது’ என்கிறது. தொடர்ந்து பார்ப்பதற்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நிறுத்துவதற்குத்தான் கை நீட்ட வேண்டும்.

இது சின்ன மாற்றம் என்று நினைக்காதீர்கள். நாம் ஒன்றுமே செய்யாவிட்டால் எது நடக்கும் என்று முன்கூட்டியே வைத்துவிடுவது மனிதர் நடத்தையை எவ்வளவு மாற்றும் என்பதற்கு உடல் உறுப்பு தானம் நல்ல சான்று. சிங்கப்பூரில் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவர் சம்மதித்தவராகக் கருதப்படுவார். மலேசியாவில் நாமே முன்வந்து பதிந்துகொள்ள வேண்டும். இரண்டு அறிஞர்கள் 2003-இல் ஐரோப்பிய நாடுகளை இப்படி ஒப்பிட்டார்கள். தாமாகப் பதிய வேண்டிய ஜெர்மனியில் சம்மதம் 12 விழுக்காடு. மறுத்தால் மட்டும் எழுதித் தர வேண்டிய ஆஸ்திரியாவில் 99 விழுக்காட்டுக்கும் மேல். பக்கத்துப் பக்கத்து நாடு, ஒரே மொழி. ஜெர்மானியர்களுக்கு இரக்கம் குறைவு என்றா சொல்வீர்கள்? படிவம் வேறு, அவ்வளவுதான். நெட்ஃபிலிக்ஸின் தலைவராக இருந்த ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017-இல் தம் நிறுவனத்தின் போட்டியாளர் தூக்கம்தான் என்ற கருத்தில் பேசினார். வேடிக்கையாகச் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். போட்டி நடப்பது உங்கள் அறையில்.

அந்தப் போட்டியில் உங்கள் வயதினருக்குக் கூடுதல் பாதகம் இருக்கிறது. 13 முதல் 18 வயது வரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. பருவ வயதில் தூக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலடோனின் என்ற இயக்குநீர் இரவில் தாமதமாகச் சுரக்கிறது. அதனால் பத்து மணிக்கு உங்களுக்குத் தூக்கம் வராதது முழுக்கச் சோம்பலோ திமிரோ அன்று. ஆனால் பள்ளி ஏழரைக்கு. ஆறு மணிக்குப் பேருந்து. ஐந்தரைக்கு எழுபவர் எட்டு மணி நேரம் தூங்க வேண்டுமானால் ஒன்பதரைக்குப் படுத்திருக்க வேண்டும்.

ஒரு நாள் இரண்டாம் பாடவேளையில் மேசையில் தலை வைத்துத் தூங்கிய ஒரு மாணவனை எழுப்பி நிற்க வைத்தேன். பாடம் முடியும் வரை நின்றான். அன்று நானும் நான்கு மணி நேரம்தான் தூங்கியிருந்தேன், ஒரு கொரியத் தொடரின் புண்ணியத்தில். அதை அவனிடம் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டால் போதும் என்று சில மாணவர்கள் சொல்கிறார்கள். 2023-இல் வெளிவந்த கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, அத்தகைய கண்ணாடிகள் குறுகிய காலத்தில் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. தூக்கத்துக்கு உதவும் என்பதற்கும் தெளிவான சான்று கிடைக்கவில்லை. அந்தக் காசுக்கு நல்ல கதைப்புத்தகம் இரண்டு வாங்கலாம். ஒளியைப் பற்றிக் கவலை இருந்தால் இந்தக் கணக்கைப் போடுங்கள். 43 அங்குலத் தொலைக்காட்சியின் மூலைவிட்டம் 109 சென்டிமீட்டர். 3 மீட்டர் தள்ளி உட்காருகிறீர்கள். 6 அங்குலக் கைப்பேசி 15 சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டரில் பிடிக்கிறீர்கள். நீளத்தைத் தூரத்தால் வகுத்தால் தொலைக்காட்சிக்கு 0.36, கைப்பேசிக்கு 0.5. இரண்டையும் வர்க்கமாக்கிப் பாருங்கள். திரைகளின் ஒளிர்வு சமமாக இருந்தால், கூடத்துப் பெரிய பெட்டியைவிடப் போர்வைக்குள் இருக்கும் சின்னத் திரையிலிருந்து கண்ணுக்கு வருவது ஏறத்தாழ இரு மடங்கு.

‘ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான்’ என்று மேடையில் பேசுபவர்களை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நானும் பேசியிருக்கிறேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பெரிய பிள்ளைகளுக்கான அந்த வரம்பை 2016-இல் கைவிட்டுவிட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டியும் உங்கள் வயதுக்கு எண் எதுவும் தரவில்லை. உட்கார்ந்தே இருக்கும் நேரத்தை, குறிப்பாகப் பொழுதுபோக்குத் திரை நேரத்தைக் குறையுங்கள் என்கிறது, அவ்வளவே. என் கருத்தில் அதுவே நேர்மை. குடும்பத்தோடு கத்திக்கொண்டு பார்க்கும் இரண்டு மணி நேரப் பூப்பந்து ஆட்டமும், நள்ளிரவில் தனியாகப் பார்க்கும் இரண்டு மணி நேரமும் எண்ணில் சமம், உடலுக்குச் சமமில்லை. அம்மாவின் பதினொரு மணி நேரத்தைக் குறைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக மாலை ஏழு மணிக்கு அழைத்துப் பேசுகிறேன்.

என் கணக்குக்கு என்ன செய்தேன் என்றால், தானாக ஓடும் வசதியை அணைத்தேன். நெட்ஃபிலிக்ஸில் உங்கள் பெயருக்குரிய அமைப்புப் பகுதியில் அது இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோரின் கணக்குகளில் யூடியூப் 2021-இலேயே அதை அணைத்து வைக்க முடிவு செய்தது. உங்கள் கணக்கில் மட்டும் இன்னும் ஓடுகிறதா? நீங்கள் 1995-இல் பிறந்ததாகப் பதிந்திருந்தால் அது யூடியூபின் குற்றமன்று. முதல் இரவு நான் எழுந்து கையால் அடுத்த பகுதியை அழுத்தினேன், இரண்டு முறை. மூன்றாவது முறை அழுத்த வேண்டியிருந்ததே எரிச்சலாக இருந்தது, படுத்துவிட்டேன். கைப்பேசி இப்போது கூடத்தில் மின்னேற்றம் ஆகிறது. ஐந்து ரிங்கிட்டுக்கு ஒரு பழைய மாதிரி அலாரக் கடிகாரம் வாங்கியிருக்கிறேன். சத்தம் சகிக்கவில்லை.

இப்போது ஓரத்தில் எழுதிய எண்ணுக்கு வாருங்கள். ஐபோனில் ‘ஸ்கிரீன் டைம்’, ஆண்ட்ராய்டில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ என்று தேடி, நேற்றைய காணொளிச் செயலிகளின் நேரத்தை மட்டும் கூட்டுங்கள். வாட்ஸ்அப்பைச் சேர்க்காதீர்கள், அது வேறு வழக்கு. தொலைக்காட்சியில் பார்த்ததை வீட்டில் உள்ளவரிடம் கேட்டுச் சேருங்கள். என் ஊகத்துக்கும் அளவுக்கும் இடையே 2 மணி 10 நிமிட வேறுபாடு இருந்தது. உங்களுடையதைப் பேனாவால் எழுதுங்கள்.