ஆந்தை செய்த குற்றம் என்ன?

சென்ற மாதம் வீரகேரளம்புதூரில், பொந்து விழுந்த பழைய மருதமரம் ஒன்றை வெட்டிச் சாய்த்தபோது, உள்ளே இருந்த கூகை ஒன்று இறக்கை ஒடிந்து கீழே விழுந்தது. "சாக்குருவி, அடிச்சுப் போடுங்க அண்ணாச்சி!" என்று ஒருவர் கல்லை எடுத்தார். மற்றொருவர் இரக்கப்பட்டு அதன் வாயில் பால் ஊற்றப் போனார். கல்லும் கொல்லும், பாலும் கொல்லும். ஒன்று மூடநம்பிக்கை, மற்றொன்று விஷயம் தெரியாத இரக்கம்.

கல்லெடுத்தவரைக் கேட்கின்றோம்: ஆந்தை அலறினால் சாவு வருமென்பது எந்தக் கணக்கு? சீக்காளி உள்ள வீட்டில் விடிய விடிய விளக்கெரிகின்றது. விளக்கைத் தேடிப் பூச்சி வருகின்றது. பூச்சியைத் தேடி ஆந்தை வருகின்றது. கண் விழித்திருப்பவர் காதில் அதன் சத்தம் விழுகின்றது. மற்ற இரவுகளிலும் அது கத்திக்கொண்டுதான் இருந்தது. நாம்தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தோம்! சாவை முன்கூட்டி அறியும் சக்தி அதற்கு இருக்குமானால், கோடரி வருவதை அறிந்து முதல் நாளே பறந்து போயிருக்காதா?

வடநாட்டிலோ இதை லட்சுமியின் வாகனம் என்கின்றார்கள். அந்த லட்சுமியைப் பூசிக்கும் தீபாவளி சமயத்திலேயே மந்திரவாதத்திற்காக இதைப் பிடித்து விற்றுப் பலி கொடுப்போரும் இருக்கின்றார்கள். அபசகுனமானாலும் சாவு, வாகனமானாலும் சாவு! விதவை எதிரே வந்தால் ஆகாது என்று சொன்ன அதே புத்திதானே இது?

உண்மையில் கூகை எலி தின்னும் பறவை. சிற்றாற்றுப் பாசனத்தில் விளையும் நெல்லுக்குக் கூலியில்லாக் காவல்காரன். இஸ்ரேலில் 1983 முதல் வயல்களில் கூகைக்குப் பெட்டி வைத்து எலியை ஒடுக்குகின்றார்கள். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலும் இதுவே நடக்கின்றது. நாமோ எலிக்கு விஷம் வைக்கின்றோம். அந்த எலியைத் தின்று கூகையும் சாகின்றது.

இனி, பால் ஊற்ற வந்தவருக்கு ஒரு வார்த்தை. பறவைக்குப் பால் ஆகாது. மல்லாத்தி ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டில் சத்தமில்லாமல் வைத்து, உடனே வனத்துறைக்குச் சொல்வதே நம் வேலை. எலும்பைக் கட்டுவது வைத்தியர் வேலை. வீட்டில் அடைத்து வளர்ப்பது 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பெரிய கூண்டில் பறந்து பழகி, தானே இரை பிடிக்கின்றதென்று கண்ட பிறகே, பொழுது சாயும் நேரத்தில், கூடியவரை எடுத்த இடத்திலேயே அதை விடவேண்டும்.

அன்று அந்தக் கூகையை அவ்விதமே பெட்டியில் வைத்து வனத்துறையாரிடம் ஒப்படைத்தோம். பெட்டி கொண்டுவந்தவர் கல்லெடுத்த அதே அண்ணாச்சிதான்! அது மறுபடி பறப்பது எலும்பு கூடுவதைப் பொறுத்தது, நேர்ச்சையைப் பொறுத்ததல்ல. புண்ணியத்திற்காக எந்தப் பறவையையும் காப்பாற்ற வேண்டாம். வானம் அதற்கும் உரியது என்பதற்காகக் காப்பாற்றுங்கள்!