கம்பனியை மாற்றலாமா?

இலண்டனில் வாழும் உறவினர் ஒருவர், மின்சாரக் கட்டணம் கூடிவிட்டதென்று கம்பனியையே மாற்றிவிட்டாராம். பிரித்தானிய வீட்டாருக்கு 1990களின் இறுதியிலிருந்து இவ்வுரிமை உண்டு. எனினும் 2021இல் மொத்த விலை ஏறியபோது, அங்கே இருபதுக்கும் மேற்பட்ட கம்பனிகள் மூடுண்டன.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நமக்கு அத்தெரிவு இல்லை. 1969இல் அமைந்த இலங்கை மின்சார சபையும் 1983இல் தோன்றிய லெக்கோவும் பிரதேசங்களைப் பங்கிட்டனவேயன்றி, ஒரே வீட்டுக்காகப் போட்டியிடவில்லை. 2024ஆம் ஆண்டுச் சட்டம் சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழிவகுத்தது. தெரிவு மட்டும் நம் வாசலுக்கு வரவில்லை.

ஆயின் நம் கையில் ஒன்றுமே இல்லையா? உண்டு. மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால், முதல் அலகிலிருந்தே விலை உயர்கின்றது. வீட்டுக்காரரும் அனெக்ஸில் குடியிருப்போரும் ஒரே மின்மானியைப் பகிர்ந்தால், சிக்கனமாய் வாழும் குடும்பமும் கூடிய விலையையே கொடுக்க நேரும். ஆகவே வாடகை பேசும்போதே தனிமானி உண்டா என்று கேட்டறிதல் நன்று.

மாணவர்களே! ஞாயிறுதோறும் மின்மானியின் இலக்கத்தைக் குறித்து வையுங்கள். வாரத்துக்கு 14 அலகைத் தாண்டினால், மாதத்துக்கு 60ஐத் தாண்டும். அதை அம்மாவிடம் முன்னரே சொல்லுங்கள். கம்பனியை மாற்ற இயலாத நாம், கணக்கையாவது அறிந்து வைத்திருப்போம்.