பகலில் குருவி, இரவில் விட்டில்



இந்தச் சித்திரை இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஆறுமணிக்குருவிகள் பெரும்பாலும் வடக்கே கிளம்பியிருக்கும். குளிர்காலம் முழுக்க நம் தோட்டத்துச் சருகைக் கிளறிப் பூச்சி தின்றுவிட்டு, இனப்பெருக்கத்துக்காக மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் போகின்றன. சூறைக்குருவிக் கூட்டங்களும் மூட்டை கட்டிவிட்டன. விருந்தாளிகள் போனபின் தோட்டம் வெறிச்சோடிவிடாது. உள்ளூர்க்காரர்கள் மும்முரமாகக் குடித்தனம் நடத்தும் காலம் இதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்குப் பக்கத்தில் நண்பர் வீட்டுக் கொல்லையில் விடியலிலிருந்து இரவு வரை உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாமரம், ஒரு முருங்கை, எலுமிச்சை, அரளி வேலி, அவ்வளவுதான் தோட்டம். விடியும் முன்பே குயில் ஆரம்பித்துவிட்டது. கூவுவது கறுப்பு ஆண். புள்ளி போட்ட பழுப்புப் பெண்ணோ காக்கைக் கூட்டை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தது. வெயில் ஏறியதும் செம்மார்புக் குக்குறுவான், பாத்திரம் தட்டும் கன்னாரைப் போல ஒரே சுருதியில் தட்டத் தொடங்கியது. எனக்குப் பிடித்துப்போனது தையல்சிட்டு ஜோடிதான். எலுமிச்சை இலையை மடித்துத் தைத்த கூட்டுக்கு இரண்டும் மாறி மாறிப் புழு கொண்டுவந்தன. நாள் முழுக்க ஓயவில்லை. இந்தச் சின்னத் தோட்டத்தில் இத்தனை புழு எங்கிருந்து?

பதில் இரவில் கிடைத்தது. முதல் நாள் கோடை மழை பெய்திருந்தது. நிலா வெளிச்சமும் இல்லை. விட்டில் பார்க்க இதைவிட நல்ல இரவு அமையாது. கொடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, முன்னால் ஒரு பல்பைத் தொங்கவிட்டோம். கறுப்பு ஓரம் வைத்த வெள்ளைச் சிறகும் வால்நுனியில் குஞ்சமுமாக வெள்ளரி விட்டில் முதலில் வந்தது. முருங்கைக் கம்பளிப்புழுவின் தாய்தகப்பன்மார் வந்தார்கள். ஒன்பது மணிக்கு மேல் பச்சைப் பட்டு உடுத்திய அரளி விட்டில் ஒன்று வந்து அமர்ந்தது. அரளி நஞ்சைத் தின்று வளர்ந்த புழுவிலிருந்து வந்ததா இந்த அழகு!

பூச்சிகள் வெளிச்சத்தின் மேல் ஆசைப்பட்டு வருவதில்லையாம். அதிவேகக் கேமராவில் படமெடுத்துச் செய்த ஓர் ஆய்வு 2024-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்தது. இருட்டில் வானம்தான் வெளிச்சமான பக்கம். முதுகை அந்தப் பக்கம் வைத்தால் நிலைதடுமாறாமல் பறக்கலாம். பல்பு பக்கத்தில் இருந்தால் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பித் திரும்பி அங்கேயே மாட்டிக்கொள்கின்றன. விட்டிலைக் காதலனாக்கிப் பாடிய கவிஞர்கள் மன்னிக்க வேண்டும்.

விளக்கு வைத்து விட்டிலை வரவழைக்கும் இந்த வித்தை நிலக்கடலை விவசாயிகளுக்குப் பழசு. முதல் மழைக்குப் பின் விளக்குப்பொறி வைத்து சிவப்புக் கம்பளிப்புழுவின் விட்டில்களைப் பிடித்து அழிப்பார்கள். அது பயிரைக் காக்கும் வேலை. நாம் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறோம்.

இந்தியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விட்டில் இனங்கள் உண்டு. அவற்றின் புழுக்களை நம்பித்தான் பல பறவைகள் குஞ்சு வளர்க்கின்றன. மற்றவை ஒதுக்கும் கம்பளிப்புழுவைக்கூட அக்காக்குயில் ரசித்துத் தின்னும். முருங்கையில் நாலு புழுவைக் கண்டதும் மருந்துக் குப்பியைத் தேடுகிறவர்கள், தையல்சிட்டின் அடுப்பிலும் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்பது என் கட்சி.

மே மாதத்தில் உலகப் பறவை நாள் கணக்கெடுப்பு வருகிறது. அன்று காலையில் பறவைகளைப் பட்டியலிடுங்கள். இரவில் மொட்டை மாடியில் ஒரு வேட்டியைக் கட்டுங்கள். பத்து மணிக்கு விளக்கை அணைத்து, வேட்டியை மெல்ல உதறிவிடுங்கள். விடியும்வரை விட்டால் கரிச்சான் வந்து எல்லாவற்றையும் பொறுக்கித் தின்றுவிடும். பார்த்ததைப் படமெடுத்து, ஊர், தேதி, பக்கத்தில் நின்ற செடி ஆகியவற்றைக் குறித்து எங்களுக்கு அனுப்புங்கள். ஆனி இதழில் உங்களுக்காக நான்கு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்